சீசனுக்கு ஒரு சப்பட்டை

கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மாம்பழத்தை என் கையில் கொடுத்தால், காம்படியை மூக்கில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அது என்ன ரகம், எந்தப் பக்கத்துத் தோப்பு, எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். சொல்லியிருக்கிறேன். மதுரையிலிருந்து வந்த வியாபாரிகள் பந்தயம் கட்டித் தோற்றுப்போய், எனக்கும் கடையில் நின்ற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் மாம்பழ மண்டி வைத்திருப்பவர்கள் பல பேர். மூக்கு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எடுத்துக் காட்ட வேறு என்ன சர்டிபிகேட் இருக்கிறது?

வத்திராயிருப்புத் தோப்புகளில் காற்றுக்கு விழுந்த காயைப் பொறுக்கிக் கூடையில் கட்டி, பஸ் கூரையில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் சாக்கு விரித்து விற்றவன் நான். பிறகு ஒரு மரத்தைக் குத்தகைக்குப் பேசினேன். பிறகு ஒரு தோப்பைப் பேசினேன். பூவைப் பார்த்தே இந்த மரம் எத்தனை கூடை இறக்கும் என்று சொல்லுவேன், அநேகமாகத் தப்பாது. மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பிலிருந்து இந்தப் பக்கம் நான் ஏறி இறங்காத தோப்பு கொஞ்சம். இன்றைக்குக் கடைப் பலகையில் என் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன எழுத்தை மறுபடி கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டதே லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான்.

எல்லா மாம்பழமும் இனிப்புதானே என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எல்லா மனுசனுக்கும் மூக்கு ஒன்றுதானே என்று சொல்வது மாதிரி இருக்கிறது அது.

செந்தூரம் முதலில் வரும். தோளில் சிவப்பு பூசிக்கொண்டு, மற்றவர்கள் வருவதற்குள் காசு பார்த்துவிட வேண்டும் என்கிற அவசரம் அதற்கு. ருசியும் அவசர ருசிதான், நாக்கில் நிற்காது. கிளிமூக்கு பழுத்தால் சுமார், காயாக இருந்தால்தான் அதற்கு மரியாதை. மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் அதைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தரச் சொல்லி, பஸ் வரும்வரை கடித்துக்கொண்டு நிற்பார்கள். பஞ்சவர்ணம் எங்கள் ஊர்ப் பிள்ளை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறி மாறி வந்து, இப்போது நான் ஆகிவிட்டேன் என்று அதுவே சொல்லிவிடும். இமாம்பசந்த் பெரிய இடத்துப் பழம். தோல் காகிதம் மாதிரி இருக்கும், சதை கரண்டியில் நிற்காது, கொஞ்சம் அலுங்கினால் அன்றைக்கே அழுகிவிடும். மல்கோவா குண்டு. ஒரு பழத்தை வெட்டினால் ஒரு வீடே தின்னலாம். கடைசியில், ஆனி ஆடிக் காற்றோடு நீலம் வரும். மணம் தெருவைக் கூட்டும், வெட்டினால் கொட்டைக்குள் வண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் லாரியில் எத்தனை தூரம் போனாலும் தாங்குகிற பழம். நான் வீடு கட்டியது நீலத்தில்தான்.

இனி சப்பட்டை. வெளியூரில் சப்பட்டை என்றால் நசுங்கியது, உள்ளே ஒன்றுமில்லாதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "நசுங்கின சரக்கை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று என்னோடு சண்டைக்கே வந்தார். ஒரு துண்டு வெட்டி வாயில் கொடுத்தேன். சண்டை நின்றது. எங்கள் பக்கத்தில் அது குறைச் சொல் இல்லை, பட்டம். இரண்டு பக்கமும் தட்டையாக, உள்ளங்கையில் மீன் மாதிரி படுத்திருக்கும். கொட்டையும் தட்டை, அதனால் சதை அதிகம். நார் கிடையாது. பங்கனப்பள்ளியும் இதுவும் ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எங்கள் அடிவாரத்து மண்ணில் காய்த்ததைத் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

ஒரே ஒரு கோளாறு. சப்பட்டை தான் பழுத்ததை வெளியே காட்டிக்கொள்ளாது. முக்கால்வாசி பச்சையாகவே கிடக்கும். அழுத்திப் பார்க்கவும் முடியாது, பெருவிரல் பட்ட இடம் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். ஒரு நாள் முந்தினால் கொட்டையை ஒட்டிப் புளிக்கும். ஒரு நாள் பிந்தினால் உள்ளே குழைந்துவிடும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளைக் காம்படி மணம்தான் சொல்லும். என் மூக்குக்கு ஊரில் மரியாதை வந்ததே அந்த ஒரு நாளால்தான்.

இவ்வளவும் தெரிந்த என் வீட்டில் நல்ல மாம்பழத்தை யாரும் தின்றதில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மண்டியில் பழத்தை நாலாகப் பிரிப்போம். முதல் ரகம் வெளியூருக்கு. இரண்டாவது உள்ளூர்க் கடைகளுக்கு. மூன்றாவது தள்ளுவண்டிக்கு. நாலாவது கழிவு. அணில் கடித்தது, இறக்கும்போது அடிபட்டது, காம்படியில் கறுத்தது எல்லாம் கழிவு. கழிவு வீட்டுக்கு. விற்கிற பழத்தைத் தின்கிற வியாபாரி உருப்பட மாட்டான் என்பது நான் போட்ட சட்டம். உருப்பட்டேன். சாயங்காலம் ஒரு மஞ்சள் பையில் கழிவு வீட்டுக்குப் போகும். என் வீட்டுக்காரி கறுத்த பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைப்பாள்.

என் மகன் சின்ன வகுப்பில் படிக்கும்போது டீச்சர் மாம்பழம் வரையச் சொன்னார்களாம். இவன் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட பழத்தை வரைந்திருக்கிறான். மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு, "அதை எங்கம்மா சீவிப் போட்டுட்டாக, டீச்சர்" என்றானாம். இதை வியாபாரிகளிடம் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

பிறகு வசதி வந்தது. முதல் ரகத்தையே கூடையில் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். ஆனால் கை பழகியது பழகியதுதானே. வீட்டுக்காரி பழங்களைக் கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்து அடுக்குவாள். காலையில் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததை முதலில் எடுப்பாள். "இது இன்னைக்குத் தாங்காது. அது நல்லாத்தான இருக்கு, நாளைக்கு இருக்கட்டும்" என்பாள். மறுநாள் அந்த நல்லதில் ஒன்றில் புள்ளி விழுந்திருக்கும். அன்றைக்கு அது. இப்படியே கூடை தீரும். நல்ல பழம் கட்டிலுக்கு அடியில் எப்போதும் இருக்கும். நாங்கள் எப்போதும் கெடப்போகிற பழத்தையே தின்றுகொண்டிருப்போம். மாம்பழ வியாபாரி வீட்டைத் தவிர வேறு எங்கும் இந்தக் கூத்து நடக்காது. எனக்கு இது தெரியாமல் இல்லை. வீணாக்காத பொம்பளை என்று அவளைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"ஒரு நாளாவது நல்லதா ஒண்ணை வெட்டேன்" என்று எப்போதாவது சொல்லுவேன்.

"அடுத்த வருசம் வெட்டுவோம். மரம் எங்க போகுது?" என்பாள்.

மரம் எங்கும் போகவில்லை. அவளுக்குச் சர்க்கரை வந்தது. கால் விரலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் கிடந்தபோது டாக்டரம்மா மாம்பழத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு சீசன் முழுக்க அவள் தொடவில்லை. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரிக்காத முதல் வருசம் அதுதான்.

இந்த வருசம் புண் ஆறி, ரத்தப் பரிசோதனையும் கொஞ்சம் நன்றாக வந்தது. நான்தான் கேட்டேன். டாக்டரம்மா யோசித்துவிட்டு, "இந்த சீசனுக்கு ஒரே ஒரு பழம். அதையும் காலையில பாதி, சாயங்காலம் பாதி. அதுக்கு மேல என்கிட்ட வந்து பேரம் பேசக் கூடாது, இது மண்டி இல்ல" என்றார்கள்.

வெளியே வந்ததும் அவளிடம், "பாத்தியா, ஒரு பழம் வாங்கிட்டேன்ல" என்றேன்.

"ஆமா, பெரிய லோடு எறக்கிட்டீய" என்றாள். ஆனால் சிரித்தாள்.

ஒரே ஒரு பழம். அது கறுப்பில்லாத பழமாக இருக்க வேண்டும், சரியான நாளில் வெட்டியதாக இருக்க வேண்டும் என்று வைராக்கியமே வந்துவிட்டது எனக்கு. எந்த ரகம் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு ஓடியது. நான் இமாம்பசந்த் என்றேன்.

"அது ஊருக்குப் பீத்திக்கிடத்தான் ஆகும்" என்றாள்.

"மல்கோவா?"

"அம்புட்டுப் பெருசைத் தின்னா டாக்டரம்மா என்னைய உரிச்சிருவாக."

"பஞ்சவர்ணம் பாரு, ஏட்டி. கண்ணுக்கும் லட்சணமா இருக்கும்."

"கண்ணுல தின்னவா போறேன்? எனக்குச் சப்பட்டைதான் வேணும்" என்றாள்.

சப்பட்டையைத் தவிர வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. ஏனென்றால், எனக்கு மூக்கு இல்லை.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருசத்தில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் திரும்பி வந்தது என்றார்கள். எனக்கு வரவில்லை. நாக்கில் இனிப்பு, புளிப்பு, உறைப்பு தெரியும். மணம் மட்டும் சுவரை முகர்ந்தது மாதிரிதான். இதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கடையில் வியாபாரி பழத்தை நீட்டினால் பழையபடி மூக்கில் பிடித்து, கண்ணை மூடி, செத்த நேரம் நின்று, நாளைச் சொல்லுவேன். உண்மையில் நிறத்தையும் கனத்தையும் காம்பைச் சுற்றி விழுகிற குழியையும் வைத்துச் சொல்வதுதான். அதிலும் நான் அநேகமாகத் தப்பியதில்லை, அந்த அளவுக்குத் தொழில் தெரியும். சப்பட்டையை நீட்டினால் மட்டும் எனக்குப் போன் வந்துவிடும். பேசிக்கொண்டே பின்பக்கம் போய்விடுவேன். கடையில் என்னோடு நிற்கிற மகன் பார்த்துக்கொள்வான்.

வைகாசிக் கடைசியில், சப்பட்டை முடியப் போகிற நேரத்தில், செண்பகத்தோப்புப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு தோப்புக்குப் போனேன். மரத்தை நானே சுற்றி வந்து, வெயில் நேராகப் படாத கிளையில் ஒரு காயைப் பார்த்து வைத்து, வலைக்கம்பு போட்டுக் காம்போடு இறக்கச் சொன்னேன். பால் வடியும்வரை கவிழ்த்து வைத்தேன். அணில் படவில்லை, வெயில் படவில்லை, ஒரு கீறல் இல்லை. ஒன்று மட்டும்தான் எடுத்தேன். இன்னும் பத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தோப்புக்காரர் வற்புறுத்தினார். பத்து கொண்டுபோனால் அவள் அதில் புள்ளி விழுந்ததைத்தான் எடுப்பாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு துண்டு வாங்கி, பழத்தை அதில் சுற்றி, மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு நடுவில் வைத்தேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "பழத்துக்கு என்ன ஆபரேசனா?"

"நீ இதைத் தொடக் கூடாது" என்றேன்.

"நான் மோந்து பாத்துச் சொல்லுதேன்."

"வேண்டாம். நீ பாத்தா நாளைக்கு இருக்கட்டும்ப. அப்படிச் சொல்லியே நம்ம காலம் போயிட்டு."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தினமும் காலையில் பெட்டியைத் திறப்பேன். துணியை விலக்கிக் காம்படியை மூக்கில் வைப்பேன். ஒன்றும் வராது. பச்சையாகவே படுத்திருக்கும். கையில் கனம் பார்ப்பேன், குழி பார்ப்பேன். மற்ற ரகத்துக்குச் சொல்லுகிற அடையாளம் எதுவும் இதற்குப் பிடிபடவில்லை. அழுத்திப் பார்க்க விரல் துடிக்கும். அழுத்தினால் கறுக்கும். கறுப்பில்லாமல் ஒன்று கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும். ஒவ்வொரு நாளும் போகப் போக எனக்கு ஒரே பயம்தான், பிந்திவிடுவோமோ என்று. வாழ்நாள் முழுக்கப் பிந்தித் தின்ற வீடு. இந்த ஒன்றிலும் பிந்திவிட்டால்?

ஒரு காலையில் பச்சை கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தது. என் கண்ணுக்கு அப்படிப் பட்டதா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவளை உட்காரச் சொல்லி, நானே வெட்டினேன். இரண்டு பக்கமும் சதை கழன்று வந்தது. ஒரு புள்ளி கிடையாது. பளிச்சென்ற மஞ்சள். இவ்வளவு சுத்தமான பழத்தை என் கையால் வீட்டில் வெட்டியது அதுதான் முதல் தடவை.

ஒரு பக்கத்தைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தேன். மறு பக்கத்தைச் சாயங்காலத்துக்கு என்று மூடி வைத்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்து, மெதுவாக மென்று தின்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா எம்புட்டு நல்லா?"

"தின்ன விடுங்க" என்றாள்.

கொட்டை என் பக்கம் கிடந்தது. அதை எடுத்துச் சப்பினேன். மணம் இல்லாவிட்டாலும் நாக்கு இருக்கிறதே. புளித்தது. கொட்டையை ஒட்டிய சதை நன்றாகவே புளித்தது. நாளைக்கு வெட்டியிருக்க வேண்டிய பழம்.

கொட்டையைக் கீழே வைத்தேன். அவள் தட்டில் கடைசித் துண்டு இருந்தது. அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"புளிக்குதே, ஏட்டி."

"கொஞ்சம்."

"மொத வாயிலயே தெரிஞ்சிருக்கும்லா?"

"வாயில வைக்கதுக்கு முன்னயே தெரியும். நேத்துப் பெட்டிப் பக்கம் போனேன். வாசமே வரல."

"அப்பச் சொல்லியிருக்கலாம்லா?"

அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "கத்தியைத் தூக்கிட்டு நீங்க வந்த வரத்தைப் பாத்தேன். கலியாணத்தன்னிக்குக்கூட அம்புட்டு ஆசையா வந்ததில்ல. பொறவு எங்கிட்டுச் சொல்ல?"

கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மூக்கு முன்ன மாதிரி இல்ல" என்றேன். ஏதோ நேற்றுத்தான் சளி பிடித்த மாதிரி.

"அது தெரியாமலா உங்களோட குடித்தனம் பண்ணுதேன்? ரசத்துல பெருங்காயம் கொறஞ்சா முந்தியெல்லாம் தட்டைத் தள்ளுவீய. காய்ச்சலுக்குப் பொறவு வருசக்கணக்காப் பெருங்காயமே போடாமத்தான் வைக்கேன். கேக்கவேயில்லையே."

சிரிப்பு வந்தது எனக்கு. சிரிக்கத்தான் செய்தேன், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மூடியைத் திறந்தாள். அன்றைய வெக்கைக்கு வெட்டு வாய் முழுக்கக் கறுத்திருந்தது. வேண்டாம், போடு என்றேன். "ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கின பழம், விடுவேனா?" என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக் கறுத்ததை மட்டும் சீவி எறிந்தாள். எத்தனையோ வருசமாகச் சீவிய கை. ஒரு துளி நல்ல சதை அதோடு போகவில்லை. மிச்சத்தைத் தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பழம், அதுவும் கடைசியில் எங்கள் வீட்டுப் பழமாகத்தான் முடிந்தது.

டாக்டரம்மாவிடம் இன்னொன்று கேட்கட்டுமா என்றேன். "அவகளைப் பேசி மயக்கிரலாம், சர்க்கரையைப் பேசி மயக்க முடியுமா?" என்றாள். அது உண்மை. கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. அந்த வாரத்தோடு சப்பட்டை மரங்கள் காலி. அடுத்த வருசம் டாக்டரம்மா என்ன சொல்வார்களோ, அவள் காலில் என்ன வருமோ, எனக்குத் தெரியாது. அடுத்த வருசம் என்ற சொல்லை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே சொல்வதில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். மல்கோவா லோடு இறங்கிக்கொண்டிருந்தது. தளவாய்புரத்திலிருந்து வாடிக்கையாக வருகிற கடைக்காரர் ஒருவர், மூலையில் மிச்சமாகக் கிடந்த கூடையிலிருந்து ஒரு சப்பட்டையை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, மோந்து சொல்லுங்க. இது என்னைக்கு ஆகும்?"

வழக்கம்போலப் பாக்கெட்டில் கை போனது, போனை எடுக்க. எடுக்கவில்லை. பழத்தை வாங்கி மகனிடம் கொடுத்தேன்.

"ஏலே, நீ பாத்துச் சொல்லு."

அவன் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். பழத்தைத் திருப்பி, காம்படியை மூக்கில் வைத்தான். நான் நிற்கிறபடியே ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "நாளைக்குக் காலையில வெட்டுங்க, அண்ணாச்சி. இன்னைக்கு வெட்டினா புளிக்கும்" என்றான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், சரிதானா என்று.

"சரிதான்" என்றேன்.

முந்தின நாள் காலையில் நான் கத்தியை எடுத்தபோது, அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து மோந்து பார்த்திருப்பான்.